ஆளுக்கொரு டயர்

கேள்வி: பள்ளி திறந்த முதல் நாளே வகுப்புச் சுவரில் 22 விதிகள் எழுதி ஒட்டினேன். பத்தே நாளில் மீறாத விதி ஒன்றுகூட மிச்சமில்லை. பிள்ளைகளுக்குப் பொறுப்பை எப்படி வரவைப்பது?
– ஓர் ஆசிரியை, ராசிபுரம்

பதில்: அந்த 22-ஐயும் சுவரைப் பார்க்காமல் சொல்லுங்கள் டீச்சர். திணறுகிறீர்களா? பிள்ளைகளை விட்டுவிடலாம்.

உங்கள் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிரசித்தம். எழுப்புவது மணி, படிக்க வைப்பது வார்டன், பரீட்சை மட்டும் பையனுடையது. ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயரே வந்தது. (நியாயமாக நாமக்கல் முட்டைக்கோழி ஊர், பிராய்லர் பல்லடம் பக்கம்!) 2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே தாண்டிக் குதித்ததால், 2018 மார்ச்சில் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தது. பொறுப்பு யாருக்கு வர வேண்டியிருந்தது, பார்த்தீர்களா?

நாமக்கல் லாரியில் கிளீனராக ஏறும் பையனுக்கு யாரும் விதி ஒட்டுவதில்லை. “டயர் உன் பொறுப்புடா” என்பார் டிரைவர், அவ்வளவுதான். வண்டி நின்றால் இறங்கித் தட்டிப் பார்ப்பான். பார்க்காமல் விட்டால் நடுராத்திரியில் ஸ்டெப்னி மாட்டப்போவதும் அவனே. கரும்பலகை, ஜன்னல், தண்ணீர்க் குழாய் என்று ஆளுக்கொரு டயர் கொடுங்கள். விதிகளையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். நாலைத் தாண்டாது, எழுதச் சோம்பல். அதில் ஒன்று உங்களுக்காக இருக்கும்: மணி அடித்த பிறகு பாடம் நடத்தக் கூடாது.