வழுவமைதி மாஸ்ரர்

காங்கேசன்துறை ஸ்ரேசன் வாங்கில் பின்னேரங்களில் மாஸ்ரரைக் காணலாம். ரெயிலுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் பெயர்ப்பலகைக்கும் ஒரு வழக்கு நடக்கிறது. காங்கேசனோடு துறை சேர்ந்தால் நன்னூல்படி 'காங்கேசன்றுறை' என்றல்லவா ஆகவேண்டும்? போதாக்குறைக்கு, மாவிட்டபுரத்து முருகன், அதாவது காங்கேயன், வந்திறங்கிய துறை என்பதால்தான் இந்தப் பெயர் என்கிறார்கள். அப்படியென்றால் 'யே' எப்போது 'சே' ஆனது, யாரைக் கேட்டு ஆனது? 1990-இல் நின்றுபோன ரெயில் 2015 தை மாதம் திரும்பி வந்தபோது ஊர் ரெயிலைப் பார்த்தது. மாஸ்ரர் பலகையைப் பார்த்தார்.

இந்த வகை மனிதர் ஊருக்கு ஒருவர் இருப்பார். கலியாண அழைப்பிதழ் வந்தால் நாள், மண்டபம் எதையும் பாராமல் முதலில் ஒற்றுப் பார்ப்பார். செத்தவீட்டில் பந்தலுக்குள் நுழையுமுன் கண்ணீர் அஞ்சலிப் பதாகையின் முன் நின்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் துக்கத்தினால் அல்ல. முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்குப் புறூவ் பார்த்துக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏட்டையும் அச்சையும் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட மண் இது, வேறெப்படி இருப்பார்?

அவரிடம் நான் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்: கட்டற்ற மென்பொருளுக்கு எழுதியிருக்கும் கையேடுகளை யாரும் திருத்தலாம், மாஸ்ரர்.

"ஆரும் எண்டால்?"

"ஆரும்தான்."

"நானுமோ?"

மூன்றாந்தரம் கேட்டபோது பேனையின் மூடி கழன்றிருந்தது. முதல் திருத்தமே 'கட்டற்ற' என்ற சொல்லில் விழுந்தது. "கட்டற்றது எண்டால் அவிட்டுவிட்ட மாடு, தம்பி. ஆரின்ர தோட்டத்தை மேயப்போகுது?"

அவர் திரையில் படிக்கமாட்டார். நான் அச்செடுத்துக் கொடுக்கவேண்டும்; அவர் கடதாசியில் சிவப்புப் பேனையால் கோலம் போடுவார்; அதை நான் கணினியில் ஏற்றி, திட்டத்தைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பவேண்டும். தாய்ச் செயல் முடிந்தால் பிள்ளைகள் அநாதையாகும், அடங்காத பிள்ளையை இந்தக் கட்டளையால் கொல்லலாம் என்றிருந்த பக்கத்தில் மட்டும் சிவப்பு மை விழவில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி: "இது கணனிப் புத்தகமோ, கம்சன் கதையோ?"

கணனி என்றுதான் எழுதுவார். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் அதைக் கணினி என்று மாற்றினார். இவர் திரும்ப மாற்றினார். மூன்று கிழமை இரண்டு கரையிலும் உறக்கமில்லை. நாகப்பட்டினத்துக் கப்பல் 2023-இல் எங்கள் துறைமுகத்துக்கு வந்தபோது, அந்த மனுசன் நேரிலேயே இறங்கிவிடுவாரோ என்று நான் பயந்தது உண்மை.

அவரால் ஒரு சேதமும் நேர்ந்தது. கட்டளைகளோடு சேரும் தெரிவுகளுக்கு முன்னால் இரண்டு சிறுகோடு வரும். "என்ன இது, அச்சுக்கூடத்திலை இப்பிடி விடுவினமோ?" என்று கையேடு முழுக்க இரண்டையும் சேர்த்து ஒரே நெடுங்கோடாக்கிவிட்டார். பார்க்க வடிவாக இருந்தது. ஒரு கட்டளையும் ஓடவில்லை. மென்பொருளுக்கு வடிவு தெரியாது என்று விளங்கப்படுத்தியபோது, பாஸ் பண்ணாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என் மடிக்கணினியைப் பார்த்தார்.

அவரைத் தேற்றவென்று டொனால்ட் கனூத் கதையைச் சொன்னேன். அமெரிக்கப் பேராசிரியர், தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பிழைக்கு 2.56 டொலர் காசோலை எழுதியவர். பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில் நூறு என்றால் 256, அதுதான் கணக்கு. மாஸ்ரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஒற்றுப் பிழைக்கும் குடுப்பாரோ?" என்றார்.

வெளியாட்கள் இவரைத் தப்பாக எடுத்ததும் உண்டு. ஒக்டோபர் மாதத் திருவிழா ஒன்றில் அப்போது நாலு திருத்தம் அனுப்பினால் ரீ-சேர்ட் தந்தார்கள். 2020-இல் 'அருமையான' என்று ஒரு சொல்லைச் சொருகிவிட்டுச் சட்டைக்குக் கை நீட்டிய கூட்டம் தாங்காமல், நடுவிலேயே விதியை மாற்றினார்கள். அதே மாதிரி ஒரு ஒக்டோபரில் மாஸ்ரரின் பதினொரு 'க்', ஏழு 'ப்' போய்ச் சேர்ந்தன. சட்டைக்காகவா என்று கேட்டிருந்தார்கள். "வேட்டி தந்தால் யோசிக்கலாம்" என்று பதில் போடச் சொன்னார். நான் போடவில்லை.

மென்பொருள் கோளாறைத் தமிழில் 'வழு' என்கிறோம் என்று தெரிந்த அன்று மனுசனுக்குத் தீபாவளி. "பூச்சி எண்டு மொழிபெயர்க்கேல்லையே, கெட்டிக்காரர்!" சில நாளில் அவர் அனுப்பிய ஒரு வழுவின்மேல் 'திருத்தமாட்டோம்' என்ற சீட்டை ஒட்டி மூடிவிட்டார்கள். குமுறுவார் என்று பார்த்தேன். ஆறுதலாகச் சொன்னார்: "பிழையெண்டு அவைக்கும் தெரியும். ஆனால் காரணத்தோடை ஏத்துக்கொள்ளினம். இலக்கணத்திலை இதுக்கு வழுவமைதி எண்டு பேர்."

உலாவிகள் 'நான் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்' என்று இணையத்தளத்திடம் சொல்லப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லில் ஓர் 'ஆர்' எழுத்துக் குறைவு. 1996-இல் வெளியான விதி ஆவணத்தில் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் உலகத்து உலாவிகள் எல்லாம் அதைப் பிழையாகவே எழுதுகின்றன. சரியாக எழுதினால் வேலை நடக்காது. இதைச் சொன்னதும் மாஸ்ரர் பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கனிவோடு.

நியாயமாகச் சொல்லவேண்டும். தமிழ்99 விசைப்பலகையை நிறுவும் கையேட்டை வரிவரியாக விரல் வைத்துச் செய்துபார்த்தவர் அவர் ஒருவர்தான். எல்லாம் செய்தும் தமிழ் வரவில்லை. அரைநாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கணக்கிலிருந்து ஒருதரம் வெளியேறித் திரும்ப நுழையவேண்டும் என்ற வரி கையேட்டில் இல்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் அது கைப்பழக்கம். இல்லாததை ஒருவரும் காணவில்லை. "படி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலை ஒரு படி விழுந்துபோச்சு" என்று எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். பங்களித்தோர் பட்டியலிலும் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வாங்குக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். தன் பெயரில் விரல் நின்றது.

"தம்பி, 'ன'கரத்துக்கு மேலை குற்று எங்கை?"

பெயரைத் தட்டச்சுச் செய்து அனுப்பியது நான்தான். அந்தக் குற்று தற்செயலாக விட்டுப்போனதா என்று என்னைக் கேட்காதீர்கள். மனுசன் சந்தோசமாகச் சட்டைப் பையில் கைவிட்டுப் பேனையைத் தேடினார்.