விழிஞ்ஞத்துக் காய்ப்பியல்: ஓர் உள்ளங்கை ஆய்வு

தமிழில் மரமும் காய்க்கும், கையும் காய்க்கும். ஆனால் மரம் காய்த்த பிறகுதான் கல்லடி படும். கையோ அடிபட்ட பிறகுதான் காய்க்கும். இந்த வரிசை மாற்றத்துக்கு இலக்கண நூலார் விதி வகுக்காமல் விட்டுவிட்டதால், அப்பணியை இக்கட்டுரை ஏற்கிறது. ஆய்வுக்களம், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் விழிஞ்ஞம். அங்கே காய்ப்பைத் 'தழம்பு' என்பார்கள். நம்முடைய தழும்பின் உடன்பிறப்புதான். ஆனால் தமிழில் அது ஆறிய புண்ணின் வடு. மலையாளத்தில் பழகிய வேலையின் தடிப்பு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பட்டதைச் சொல்கிறோம், அவர்கள் பாடுபட்டதைச் சொல்கிறார்கள். விழிஞ்ஞத்தின் வரலாற்றுக்குச் செப்பேட்டையும் கல்வெட்டையும்விட உள்ளங்கைக் காய்ப்பே நம்பத்தக்க ஆவணம் என்பதே இங்கு நிறுவப்படவிருக்கும் கோட்பாடு.

முதலில் ஆவணத்தைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். கரைமடி வலை இழுக்கும் ஒருவரின் கையை விரித்தால் நான்கு விரல்களின் அடியிலும் புளியங்கொட்டை அளவில் மஞ்சள் பாய்ந்த மேடுகள் இருக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கயிறு ஓடி ஓடி வழவழப்பான ஒரு தடம். உப்புத் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து மேட்டின் ஓரங்களில் மெல்லிய வெடிப்புகளைக் கீறியிருக்கும். காய்ப்பு உருவாகும் விதம் எளியது. தோலின் மேலடுக்கு, கெரட்டின் நிறைந்த செத்த செல்களால் ஆனது. கீழிருந்து புதியவை ஏற ஏற மேலே உள்ளவை உதிரும். ஒரே இடத்தில் உரசலும் அழுத்தமும் நாள்தோறும் விழுந்தால் உற்பத்தி உதிர்வை முந்திவிடும், அடுக்கு தடிக்கும். அதே உரசல் ஒரே நாளில் மொத்தமாக வந்தால் தோலடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக் கொப்புளமாகிவிடும். அதாவது கொப்புளம் ஒருநாள் வீரனுக்கு, காய்ப்பு அன்றாடக்காரனுக்கு. காய்ப்பின் மீது கைவரிகள் தொடர்ந்து ஓடும் என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். மரு என்றால் வரிகள் அதன் ஓரத்தில் நின்றுவிடும். ஆவணம் அசலா போலியா என்று சோதிக்க இவ்வளவு எளிய வழி செப்பேட்டுக்குக் கிடையாது.

இத்துறையின் முன்னோடி கபிலர். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் அவர் கையைப் பற்றி, இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்று வியந்தபோது அவர் சொன்ன விடை புறநானூற்றின் 14ஆம் பாட்டாக இருக்கிறது. யானையை அடக்கியும் குதிரையை இழுத்துப் பிடித்தும் நாணை வலித்தும் உன் கை வலிதாயிற்று. சோறும் கறியும் உண்பதைத் தவிர வேறு தொழில் அறியாததால் எங்கள் கை மெலிதாயிற்று என்பது அதன் சாரம். கையைப் பார்த்துத் தொழிலைக் கண்டறியும் முறையியல் இங்கே முழுமையாக இருக்கிறது. பிற்கால அறிஞர்கள் இதைப் புகழ்ச்சிப் பாட்டு என்று வகைப்படுத்திக் கோட்டைவிட்டார்கள். சேரநாட்டுப் பழமொழி ஒன்று அடுத்த படிக்குப் போகிறது: அப்பன் ஆனைமேல் ஏறினால் மகனுக்குத் தழம்பு இருக்குமா? (எந்த இடத்தில் என்பதைப் பழமொழி நாகரிகமாக விட்டுவிடுகிறது.) பட்டம் பரம்பரையாக வரும், நிலம் வரும், கடன் தவறாமல் வரும், காய்ப்பு மட்டும் வராது. இந்த அளவுகோலால் விழிஞ்ஞத்தின் எழுத்துச் சான்றுகளை அளந்தால் அவை சற்றுத் தடுமாறுகின்றன. ஆய் அரசர்களின் கையிலிருந்த இந்தத் துறைமுகத்தைப் பாண்டியன் நெடுஞ்சடையன் தாக்கியதைச் சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. கலிங்கத்துப்பரணியும் இவ்வூரின் அழிவைப் பாடுகிறது. வென்றவர் பெயர் எங்கும் உண்டு. கலத்தில் துடுப்புப் போட்டவர் பெயர் எங்கும் இல்லை. ஊருக்குள் இருக்கும் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலில் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி இருக்கிறார். வீணை வாசிப்பவரின் விரல் நுனியில் தந்தி பதிந்த காய்ப்பு இருந்தே தீரும். கல்லில் அதை யாரும் செதுக்கவில்லை. வெளிச்சுவரின் சிற்பங்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் சிற்பியின் கை காய்ப்பதற்குள் கொப்பளித்ததுதான் என்ற ஊகத்தை, மறுக்க ஆள் இல்லாத காரணத்தால், இங்கே பதிந்துவைக்கிறோம்.

தடித்த தோல் மரத்த தோல், உணர்ச்சி மழுங்கிவிடும் என்று ஓர் ஆட்சேபம் எழலாம். கென்யாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கு மேற்பட்டோரின் பாதங்களைச் சோதித்து 2019இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது: வெறுங்காலில் நடப்பவரின் காய்ப்பு தடிமனாக இருந்தும் பாதத்தின் உணர்திறன் குறையவில்லை. கெட்டியான அடுக்கு அதிர்வை அப்படியே உள்ளே கடத்துகிறது. அது பாதம், இது கை என்பவர்கள் விழிஞ்ஞத்துத் தூண்டில்காரரைப் பார்க்கட்டும். பல பாகம் ஆழத்தில் மீன் இரையை முகர்வதையும் கவ்வுவதையும் அவர் தூண்டில் நரம்பு ஓடும் காய்த்த விரலால்தான் பிரித்தறிகிறார். வலிமையான ஆட்சேபம் வேறொன்று: காய்ப்பு அழியக்கூடியது. சில வாரம் வேலைக்குப் போகாவிட்டால் உரிந்து இளகிவிடும். அழியும் ஆவணம் ஆவணமா? இதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் செப்பேடு என்றோ நடந்ததைச் சொல்லும், காய்ப்பு போன மாதம் நடந்ததைச் சொல்லும். மழைக்காலத்தில் மற்ற கடற்கரைகளில் அலை வள்ளத்தை இறக்கவிடாதபோது, சுற்றுவட்டார மீனவர்கள் விழிஞ்ஞத்துக் குடாவுக்கு வந்து தொழில் செய்கிறார்கள். ஊரெல்லாம் கை இளகும் காலத்தில் இங்கே கை இறுகும்.

ஆவணக் காப்பு பற்றியும் சொல்லவேண்டும். காய்ப்பை அடியோடு சீவி எறிவது காப்பகத்துக்குத் தீ வைப்பதற்குச் சமம். வேலை தொடர்ந்தால் பழையபடி வளரும், அதுவரை கை புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, குதிகால் தேய்க்கும் கல்லால் மேலே மட்டும் மெல்லத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ யூரியா கலந்த களிம்போ தடவினால் வெடிப்பு அடங்கும். பிளேடு கூடாது. சர்க்கரை நோயாளிகள் காலாணியில் கைவைக்காமல் மருத்துவரிடம் போவதே சரி. உரசலே இல்லாத இடத்தில் செதில் செதிலாகத் தடித்தால் அது சொரியாசிஸ் முதலிய வேறு துறை. நம் கோட்பாடு அதற்குப் பொறுப்பேற்காது. மீன்கூடை சுமக்கும் பெண்களின் உச்சந்தலை காய்க்காததற்குச் சும்மாடு காரணம். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலைகூட இல்லை.

இந்த ஆவணத்தை ஏற்க மறுக்கும் ஒரே நிறுவனம் ரேஷன் கடை. அங்குள்ள கைரேகை இயந்திரம் தேய்ந்த வரிகளையும் வெடித்த தோலையும் கண்டால் திணறும். வேலை செய்த கை என்று எது நிரூபிக்கிறதோ, அதனாலேயே ஆள் அடையாளம் தெரியாமல் போகிறார். கபிலர் கைவைத்திருந்தால் முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்திருக்கும், அரிசியும் கிடைத்திருக்கும்.

2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற பெருங்கப்பல் விழிஞ்ஞத்தின் புதிய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே ராட்சதக் கிரேன்களை அறைக்குள் அமர்ந்து திரையைப் பார்த்தபடி இயக்குகிறார்கள்; அவர்களில் உள்ளூர்ப் பெண்களும் உண்டு. கையில் கயிறு இல்லை, குமிழ் தலையுள்ள ஒரு சிறு பிடி. டன் கணக்கில் எடையுள்ள சரக்குப் பெட்டியை அந்தரத்தில் நகர்த்தும் அந்தக் கைகளில் இனி எங்கே காய்க்கும் என்பது திறந்த கேள்வி. மேசை விளிம்பில் படியும் மணிக்கட்டின் அடியைக் கண்காணிக்குமாறு வருங்கால ஆய்வாளர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். அவர்களுக்கும் அதே இடத்தில்தான் காய்த்திருக்கும்.