இயக்குநர்களுக்கு ஒரு டுடோரியல்

பத்தாவது கணக்கில் கோட்டை விட்ட பையனை நம் ஊரில் டுடோரியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதே கணக்கில் கோட்டை விட்ட ஐ.ஐ.டி.யை எங்கே சேர்ப்பது?

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. முனைவர் பட்ட இடங்கள் நூறு இருந்தால் பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27. 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.கள் சேர்த்த ஆய்வு மாணவர்களின் விவரத்தை அரசே மாநிலங்களவையில் வைத்தது: பட்டியல் சாதி 9.1 சதவீதம், பழங்குடி 2.1, பிற்படுத்தப்பட்டோர் 23.2. ராக்கெட் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று துல்லியமாகக் கணக்குப் போடுகிறவர்கள் கையில் ஏழரை இரண்டாகிவிடுகிறது. ஏழரை என்றாலே சனி நினைவு வந்து பயந்துவிடுகிறார்களோ என்னவோ.

சரி, இதைச் சீர்செய்ய வழி சொல்லுங்கள் என்று மத்திய அரசு 2020இல் ஒரு குழு போட்டது. தலைவர், டெல்லி ஐ.ஐ.டி.யின் அப்போதைய இயக்குநர் ராம்கோபால் ராவ். மாணவர் சேர்க்கையிலும் ஆசிரியர் நியமனத்திலும் இடஒதுக்கீட்டை எப்படி ஒழுங்காக அமலாக்குவது என்பதுதான் குழுவுக்குக் கொடுத்த கேள்வித்தாள். குழு எழுதிய விடை: ஆசிரியர் நியமனத்தில் ஐ.ஐ.டி.களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்தே விலக்கு கொடுங்கள். நாங்கள் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள். விலக்கு தர மனம் வரவில்லையா, உதவிப் பேராசிரியர் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேல்படிக்கு வேண்டாம். தேசத்துக்கு முக்கியம் என்பதற்காகத் தேசத்தின் சட்டம் தனக்கு வேண்டாம் என்று கேட்கிற துணிச்சல் சாமானியனுக்கு வராது.

மாணவர்களை மட்டும் மறந்துவிட்டார்களா? இல்லை. முனைவர் பட்டத்துக்கு வர விரும்பும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அரசு செலவில் இரண்டாண்டு ஆயத்தப் பயிற்சி கொடுக்கலாம் என்றார்கள். ஃபெயிலானது இவர்கள், டுடோரியல் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

ஆகவே ஐயாமாரே, உங்களுக்காக ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கலாம் என்றிருக்கிறேன். முதல் பாடம் வைவா. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் எம்.எஸ்சி. முடித்து, நெட் எழுதி, எழுத்துத் தேர்வில் உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவளிடம் கேட்க வேண்டியது அவள் ஆய்வைப் பற்றி. "பன்னிரண்டாவது எந்த மீடியம்?" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "அப்பா என்ன பண்றார்?" என்பதும் ஆகாது. அந்தப் பதிலைக் கேட்டதும் பக்கத்துப் பேராசிரியரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பீர்களே, அதற்கும் மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை. ஜே.என்.யூ.வில் அப்துல் நஃபே தலைமையிலான குழு பழைய சேர்க்கைப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வைவா மதிப்பெண்ணுக்கும் இடையே சமூகப் பிரிவு வாரியாகத் தொடர்ந்து வேறுபாடு இருப்பதும் அது பாகுபாட்டைக் காட்டுவதும் தெரிந்தது. வைவா மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறையுங்கள் என்றது. யு.ஜி.சி.யோ 2016இல் விதி கொண்டுவந்தது: எழுத்துத் தேர்வு வெறும் நுழைவுச் சீட்டு, தேர்வு முழுக்க முழுக்க வைவாவில்! பூனை பாலைக் குடிக்கிறது என்று புகார் கொடுத்தால் பால் சட்டியையே பூனையிடம் ஒப்படைத்தார்கள். நீதிமன்றம் வரை போய்த்தான் 70க்கு 30 என்று இறங்கிவந்தார்கள்.

இரண்டாம் பாடம், கைடு. சேலத்துச் செந்தில்குமார் பன்னியாண்டி சமூகத்துப் பிள்ளை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஆய்வுக்குச் சேர்ந்தார். சீட் கொடுத்தார்கள், கைடு கொடுக்கவில்லை. ஆய்வு மாணவனுக்குக் கைடு இல்லையென்றால் தலைப்பு இல்லை, ஆய்வகத்தில் மேசை இல்லை, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்றுகூடத் தெரியாது. 2008இல் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு விசாரித்த குழு, அந்தத் துறையில் கைடு கிடைக்காமல் நின்றவர்கள் இடஒதுக்கீட்டில் வந்தவர்களே என்று கண்டது. இதற்கு எந்த மாணவனுக்கு, எந்தப் பயிற்சியைக் கொடுத்து ஈடுகட்டுவீர்கள்?

பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துத் திருந்தலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கைகொடுப்பதற்கா குறைச்சல்? ஆசிரியர் நேர்காணலில் "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று ஒருவர் எழுதினால் அடுத்தவரும் எழுதுகிறார். என்.எஃப்.எஸ். என்று சுருக்கெழுத்தே புழங்குகிறது. இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கிடையே இத்தனை ஒற்றுமையாக நடக்கும் கூட்டு ஆய்வு வேறெதுவும் இல்லை.

சமத்துவத்துக்கென்று யு.ஜி.சி. 2012இலேயே விதிகள் போட்டது. சம வாய்ப்புப் பிரிவு வை, புகார் வாங்க அதிகாரி போடு என்றது. அந்த விதிகள் உயிரோடிருந்த காலத்தில்தான் செந்தில்குமார் படித்த அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா செத்தார். அவருடைய அம்மா ராதிகா வெமுலாவும், உயிரை மாய்த்துக்கொண்ட மருத்துவ மாணவி பாயல் தட்வியின் அம்மா ஆபிதா தட்வியும் 2019இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2026 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. தெருவில் கூச்சல். தவறாகப் பயன்படுத்திவிடுவார்களாம். அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, பழைய விதிகளே தொடரட்டும் என்றது. பழைய விதிகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் இந்தப் பயம் யாருக்கும் வரவில்லை. சரியாகவே பயன்படுத்தாத விதியைத் தவறாக எங்கே பயன்படுத்துவது?