லத்தீன் சீட்டு, தமிழ் டாக்டர்

மருந்துச் சீட்டு முழுக்க லத்தீன். தமிழில் படித்து யாராவது டாக்டராக முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்!
— ஒரு வாசகர், முடிச்சூர்

முடியுமாவா? 150 வருஷத்துக்கு முன்பே ஆகிவிட்டார்கள்! யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே பாடம் நடத்தி மருத்துவர்களை உருவாக்கினார். அறுவை சிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’ (1867), உடற்கூறுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) என்று புத்தகங்களும் அச்சேறின.

உங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பையே பாருங்கள். சீட்டில் ‘பி.டி.’ என்று லத்தீன் சுருக்கம். கடைக்காரர் மாத்திரை அட்டையில் ‘1-0-1’ என்று எழுதி, “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு” என்பார். நோயாளி பிழைப்பது அந்தத் தமிழால்தான். டாக்டர்களுக்குள் லத்தீன் இருக்கட்டும்; மாத்திரை அட்டையிலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் தமிழ் இருந்தே ஆகவேண்டும்.