இறங்கலாம், நடக்கக்கூடாது

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையே ஆகாயத்தில் சுமார் 355 கிலோமீற்றர். கிட்டத்தட்ட நேர் தெற்கு. சின்ன ஏடிஆர் விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம். கணினி இதை ஒரு நொடியில் சொல்லிவிடும். பாவம், அதற்கு அரசாங்கம் என்றால் என்னவென்று தெரியாது.

அரசாங்கத்தின் கணக்கு நெடுங்காலம் வேறாக இருந்தது. யாழ்ப்பாணத்தவன் வடக்கே போக வேண்டுமென்றால் முதலில் தெற்கே போக வேண்டியிருந்தது. இரவு பஸ்ஸில், முழங்கால் முன்சீட்டில் இடிக்க இடிக்க, கொழும்புப் பக்கம் சுமார் 400 கிலோமீற்றர். கட்டுநாயக்கவில் வரிசையில் நின்று விமானம் ஏறி, சென்னைக்கு இன்னொரு 640 கிலோமீற்றர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதையாவது விளங்கிக்கொள்ளலாம். இது கொழும்பைச் சுற்றி மூக்கைத் தொடுவது. போர் நடக்கிறது என்றார்கள், சரி. போர் 2009இல் முடிந்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் என்ன நடந்தது? 1947லேயே ஏர் சிலோனின் டகோட்டா இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மதராஸ் போய்ச் சேர்ந்த பாதை ஐயா இது!

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. தற்செயல்தான், வேறென்ன. 2020 மார்ச்சில் கொரோனா என்று மூடினார்கள். 2021 ஜனவரியில் கட்டுநாயக்க உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துகொண்டது. பலாலிக்குச் சென்னை விமானம் மறுபடி வந்தது 2022 டிசம்பரில். வடக்கென்றால் கிருமிக்கும் தனிச்சட்டம் போலிருக்கிறது.

போகட்டும், இப்போது விமானம் வருகிறது. இறங்குங்கள். ஓடுபாதையைச் சுற்றிக் கிடப்பது வலிகாமம் வடக்குச் செம்மண். 1990 ஜூனில் அடுப்பில் வைத்ததை இறக்காமல் சனம் ஓடிய மண். கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தது போக மிச்சம் இன்னும் படையின் முள்வேலிக்குள். உறுதிப் பத்திரம் வைத்திருப்பவர் வேலிக்கு வெளியே நிற்கிறார், துவக்கு வைத்திருப்பவர் உள்ளே நிற்கிறார்.

வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை 2025 ஏப்ரலில் பெரிய மனது பண்ணித் திறந்தார்கள். கூடவே அப்போது போட்ட நிபந்தனைகள்: காலை ஆறிலிருந்து மாலை ஐந்து மணி வரை மட்டும். வாகனத்தை நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. நடக்கவும் கூடாது. வீதியில் நடக்கத் தடை! தன் வளவு ஜன்னலுக்கு வெளியே ஓடுவதை நாற்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டு போகலாம் என்றார்கள். கிணற்றடி தெரிகிறதா என்று இறங்கிப் பார்த்தால் குற்றம் என்றார்கள்.

பெரிய விமானம் இறங்க ஓடுபாதை காணாதாம், நீட்ட வேண்டுமாம், அதற்குக் காணி வேண்டுமாம். யாருடைய காணி என்று எவனும் கேட்பதில்லை. பழக்கம்.

கனடாவிலிருந்து சென்னை வழியாக வரும் வலிகாமத்தார் இரவு எங்கே தங்குவது என்று கவலைப்பட வேண்டியதில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே தல்செவன என்று ஹோட்டல் நடத்துகிறது. சொந்த ஊரில் படுத்து எழும்பலாம். வாடகையை இராணுவத்திடம் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.