மேல்தள முன்வரிசை

எழுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோவில் படித்தேன். விமானத்துக்குக் கையில் காசு கிடையாது. விடுமுறை என்றால் கிரேஹவுண்ட் பஸ்தான். நிலையத்தில் சீனிக்ரூசர் என்ற அதன் இரண்டு தள பஸ் வந்து நின்றால் மனசு துள்ளும். 40 அடி நீளம், 43 இருக்கை. கீழ்த்தளத்தில் 10 பேர், படியேறினால் மேலே 33 பேர். மேல்தள முன்வரிசை கிடைத்துவிட்டால், ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்து இல்லினாய்ஸ் சோள வயல்களைப் பார்த்தபடியே போகலாம். பக்கத்தில் ஒருநாள் விடுப்பில் போகும் சிப்பாய், இன்னொரு நாள் பேரனைப் பார்க்கப் போகும் பாட்டி.

அந்த இருக்கை சும்மா கிடைத்ததல்ல. 1961 மே மாதம், அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே, நிறம் பார்த்து இருக்கை பிரிப்பதை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயணித்த கிரேஹவுண்ட் பஸ் ஒன்றை வெறிக்கும்பல் எரித்தது. நான் கேள்வியின்றி முன்வரிசையில் உட்கார்ந்ததில் அந்தப் பயணிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜெனரல் மோட்டார்ஸ் 1954 முதல் 1956 வரை 1001 சீனிக்ரூசர்களைக் கட்டியது. முதலில் இணைத்துப் பூட்டிய இரட்டை எஞ்சின். அது ஓயாமல் தொல்லை தந்ததால், அறுபதுகளின் தொடக்கத்தில் எட்டு சிலிண்டர் டெட்ராய்ட் டீசல் ஒன்றை மாட்டினார்கள். ஓய்வு பெற்ற பஸ்களைக் கைவேலை தெரிந்தவர்கள் வாங்கினார்கள். இருக்கைகளைக் கழற்றி, ப்ளைவுட்டில் கட்டிலும் அலமாரியும் அடித்து, எரிவாயு அடுப்பு வைத்தார்கள். அலுமினியத் தகடு துருப்பிடிக்காது, காற்றுத் தலையணை மேல் உடல் மிதக்கும், சாமான் அறைகளில் தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் அடங்கும். வீடாவதற்கு இதைவிட நல்ல வண்டி ஏது?

இப்போது அரிசோனாவில் நண்பரின் கொட்டகையில் அப்படி ஒரு பஸ்ஸுக்கு நானும் கைகொடுக்கிறேன். கூரையில் சோலார் பலகைகள். ஈய பேட்டரியின் பாதி எடைகூட இல்லாத லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் வழியாக ஏசியை ஓட்டுகிறது. சுவரெல்லாம் வெப்பம் புகாத நுரைப்பூச்சு. பாலைவனத்தில் ஜெனரேட்டர் சத்தமில்லாமல் இரவு தூங்க முடிகிறது. இந்த முன்னேற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒன்றில் பிடிவாதமாக நின்றேன். வெயிலைத் தடுக்கவும் அலமாரிக்குச் சுவர் கிடைக்கவும் பலர் சன்னல்களைத் தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். அங்கே பஸ் செத்துப்போகிறது. நாங்கள் இரட்டைக் கண்ணாடி போட்டு, கனத்த திரை தொங்கவிட்டோம். மேல்தள முன்வரிசையில் ஒரு ஜோடி இருக்கையைப் பெல்ட்டோடு விட்டுவைத்தோம். 43 பேர் போன வண்டியில் இருவர் மட்டும் போவது எனக்கு உறுத்துகிறது. வழியில் சேரும் உறவுக்கும் நட்புக்கும் அந்த இடம் வேண்டும்.

பழைய பஸ்ஸை வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கட்டிலையும் சமையலறையையும் உங்கள் விருப்பப்படி அமையுங்கள், சன்னலையும் விருந்தாளிக்கான இருக்கையையும் மட்டும் விட்டுவையுங்கள். ஊரார் அத்தனை பேரும் ஏறிப்போன வண்டி அது.