ரெண்டு உள்ளங்கை ரப்பர்

வாடா பேராண்டி. கம்மாக்கரையில வண்டி உறுமும்போதே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. பின்சக்கரத்துக்கு இம்புட்டு அகலமா டயர் மாட்டியிருக்கியே, ரோட்ட நல்லாப் பிடிக்கும்னு கடைக்காரன் சொன்னானாக்கும்? சொல்லத்தான் செய்வான். விக்கிறவன் அவன், விழப்போறவன் நீதான.

குனிஞ்சு பாரு, உன் இடுப்பு வளையும்னா. தரையத் தொட்டுக்கிட்டு இருக்கிறது எம்புட்டு? முன்னால ஒரு உள்ளங்கை, பின்னால ஒரு உள்ளங்கை. அதுவே தாராளமாச் சொன்ன கணக்கு. நீயி, உன் வண்டி, முதுகுல ஒட்டிக்கிட்டு வர்ற உன் சிநேகிதன், உங்கப்பன் கட்டுற மாசத் தவணை, அம்புட்டும் அந்த ரெண்டு உள்ளங்கை ரப்பர் மேலதான் ஊர்வலம் போகுது.

அது எப்படிடா பிடிக்குதுன்னு கேட்டா, 'கிரிப்பு தாத்தா'ங்கிற. பேரச் சொல்லிட்டா வெளங்கிருச்சா? தார் ரோட்டக் கையால தடவிப் பாரு. ஜல்லி மூக்கு மூக்கா நிக்கும். ரப்பர் அது மேல உக்காரும்போது ஒவ்வொரு மூக்குக்கும் பள்ளமா அமுங்கிக் குடுக்குது. விலகும்போது அந்தப் பள்ளம் சட்டுன்னு எழும்பணுமில்ல? எழும்பாது. சோம்பல் முறிச்சுத்தான் எழும்பும். அந்தச் சோம்பல்தான் வண்டிய வழுக்க விடாம இழுத்துப் பிடிக்குது. சோம்பேறித்தனத்தால உலகத்துக்கு உபகாரம் நடக்குறது அங்க ஒண்ணுதான், உன்னையும் அதுல சேத்துக்காத. காஞ்ச சுத்தமான தரையா இருந்தா ரப்பர் கல்லோட ஒட்டிக்கவும் செய்யும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டு. தண்ணியோ தூசியோ நடுவுல புகுந்தா ஒட்டு போச்சு. அப்புறம் ஜல்லி மூக்குதான் கதி. வருஷக்கணக்கா லாரி ஓடி மூக்கெல்லாம் மழுங்குன ரோடு, மழை பேஞ்சா ஏன் வழுக்குதுன்னு இப்பத் தெரியுதா?

'அப்ப டயர்ல பட்டன் எதுக்கு, அதுதான பிடிக்குது'ங்கிற. ஊர்ல பாதிப்பேரு இப்படித்தான் நெனச்சுக்கிட்டுத் திரியிறான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல ஃபார்முலா காரு ஓட்டுறானே, காஞ்ச தரையில அவன் போடுறது மொட்டை டயரு. பட்டனுமில்ல, கோடுமில்ல; ரப்பர் பூராவும் தரையத் தொடட்டும்னு விட்டுட்டான். மழை வந்தா கோடு போட்ட டயருக்கு மாத்திக்கிடுவான். ஆக, கோடெல்லாம் தண்ணி வெளியேறத்தான். அவனுக்கு மாத்திவிட ஆள் இருக்கு, உனக்கு நாந்தான் இருக்கேன், எனக்கு முட்டி வலி. காரா இருந்தா கோட்டோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. கோடு தேஞ்சா ஐப்பசி பொறக்குமுன்ன மாத்திரணும்.

அதுலயும் மொத மழை இருக்கே, அது பெரிய குசும்பு பிடிச்சது. மாசக்கணக்கா ரோட்டுல சொட்டுன ஆயிலும் படிஞ்ச தூசியும் தூறலோட சேந்து கொழகொழன்னு ஆகிரும். கொட்டித் தீத்துச்சுன்னா கழுவிட்டுப் போயிரும். நீ தூறல்லதான 'கிளைமேட் சூப்பரு'ன்னு கெளம்புவ.

நாங்க கொள்ளுச்செடியத் தார் ரோட்டுல பரப்புறது எதுக்குன்னு நெனச்ச? பஸ்ஸும் லாரியும் மிதிச்சுக் குடுக்கும், அடிக்கிற கூலி மிச்சம். பஸ்காரன் வந்தா எங்களுக்குச் சந்தோஷம், நீ வந்தாத்தான் வயித்தக் கலக்கும். டயருக்கும் ஜல்லிக்கும் நடுவுல மணி கெடந்தா மூக்காவது பிடியாவது? மணி உருளும், கூடவே நீயும். தப்புத்தான்னு போலீஸ்காரரும் சொல்லிட்டாரு. சரிங்கய்யான்னு சொல்லியிருக்கோம். நீ மெதுவா வா.

முன் பிரேக்கத் தொட்டா தூக்கி வீசிரும்னு உன் சித்தப்பன் சொன்னானாமே. அவன் சொன்ன எது நடந்திருக்கு? பிரேக் போட்டா பாரம் முன்னால சாயுது. முன்சக்கரம் அமுங்கி இன்னும் இறுகப் பிடிக்கும், பின்சக்கரம் லேசாகிப்போகும். நீ அகல டயர் மாட்டுனது பின்னால, உன்ன நிறுத்துறது முன்னால! சட்டுன்னு கவ்வாம, படிப்படியா அழுத்து. உருளுற சக்கரம் தரையத் தொடுற இடத்துல நின்னுதான் நகருது. பூட்டிக்கிச்சுன்னா தேச்சுக்கிட்டுப் போகும், பிடிமானம் கொறைஞ்சுபோகும். அத விட்டு விட்டுப் பிடிக்கத்தான் ஏபிஎஸ்.

ஒரு படி அரிசிய மத்தியானமே பூராவும் பொங்கித் தின்னா ராத்திரிக்கு என்ன இருக்கும்? டயருக்கும் பிடிமானம் ஒரு படிதான். வளைவுல சாஞ்சே பூராவையும் செலவழிச்சிட்டு நடுவுல பிரேக்கும் கேட்டா, அது எங்க போய்க் கடன் வாங்கும்? வளைவுக்கு முந்தியே வேகத்தக் கொறைச்சுக்க. 40-ல போனா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரத்தப்போல 80-ல நாலு மடங்கு வேணும். ரெண்டு மடங்குன்னு நெனச்சவன்தான் டீக்கடை பாய்லர்கிட்டப் போய் நிக்கிறான்.

காத்தா? மைலேஜுக்குன்னு அடைக்க அடைக்க அடிச்சா, அந்த உள்ளங்கை இன்னும் சுருங்கும். கொறைச்சா டயர் சூடேறும், வளைவுல ஆட்டம் காட்டும். வண்டியிலயே அளவு எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. படிச்சவன்தான நீ, படி. காத்து டயர ஊரறிய ஓடவிட்டது பெல்ஃபாஸ்ட்டுல ஒரு மாட்டு டாக்டரு, டன்லப்புன்னு பேரு. 1888-ல, மகன் மூணு சக்கர சைக்கிள்ல குலுங்கிக் குலுங்கிப் போறானேன்னு செஞ்சு குடுத்தாரு. பிள்ளைக்கு இடுப்பு நோகக்கூடாதுன்னு ஒரு அப்பன் செஞ்சத வச்சு, நீ பஸ் ஸ்டாண்டுல ஒத்தச் சக்கரத்துல நின்னு காட்டுற.

சரி, எச்சியத் தொட்டு உன் அகல டயரோட பக்கவாட்டத் துடை. எழுத்தும் நம்பருமா ஒரு வரிசை, கடைசியில நாலு நம்பர். 2316-ஆ? அப்ப 2016-ல 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் புதுசாத்தான் இருக்கு, யாரும் ஓட்டல, எங்கயோ மூலையில கெடந்திருக்கு. நகத்த வச்சு அமுக்கு; அமுங்குதா? ஓரத்துல மயிரிழை வெடிப்பப் பாத்தியா? இப்படிக் கெட்டிச்சுப்போன ரப்பர் ஜல்லி மூக்குக்கு எப்படிடா எடம் குடுக்கும்? 'பாதி விலைக்குக் குடுத்தான் தாத்தா'வா? பின்ன, இதுக்கு முழு விலையா கேப்பான்?

நீ திண்ணையில ஏறுறதுக்குள்ள நான் பாத்துட்டேன். என்ன, சாவியவா தேடுற? அது என் மடியில இருக்கு. 4.45-க்கு டவுன் பஸ் வரும்.